வேலூரின் காய்ச்சல் கணக்கு

ஒரு லட்சம் குழந்தைகளை ஓராண்டு முழுக்கக் கண்காணித்தால், வேலூரில் அவர்களில் 1,173 பேருக்கு டைபாய்டு வருகிறது. புனேயை ஒட்டிய கிராமங்களில் அதே கணக்கு வெறும் 35. இரண்டு இடத்திலும் கணக்கெடுத்த முறை ஒன்று, கிருமி ஒன்று. டெல்லியும் கொல்கத்தாவும் நடுவில் நிற்கின்றன. அங்கும் எண்ணிக்கை 576க்குக் கீழே இறங்கவில்லை. லட்சத்துக்கு 500ஐத் தாண்டினாலே ‘மிக அதிகம்’ என்ற வகையில் சேர்ப்பார்கள் தொற்றுநோய் வல்லுநர்கள். வேலூர் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நிற்கிறது.

இந்தக் கணக்கை எடுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்ல. இந்தியாவில் டைபாய்டு உள்ளிட்ட குடற்காய்ச்சலைக் கண்காணிக்கும் ‘செஃபி’ என்ற ஆய்வை முன்னின்று நடத்தியது வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிதான். ஜேக்கப் ஜான், ககன்தீப் காங் உள்ளிட்ட ஆய்வாளர்களின் உழைப்பு அது. 2017 முதல் 2020 வரை நாலு ஊர்களில், ஆறு மாதக் கைக்குழந்தை முதல் 14 வயதுப் பிள்ளை வரை 24,062 பேரை வாரம் தவறாமல் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். காய்ச்சல் விடாமல் நீடித்த பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். கல்ச்சரில் கிருமி வளர்ந்தால் மட்டுமே டைபாய்டு என்று எழுதினார்கள். அப்படி உறுதியானவர்கள் 299 பேர். ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் 2023ல் முடிவுகள் வெளிவந்தன.

லட்சத்துக்கு 1,173 என்றால் நூறு பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருவருக்கு மேல். இதே வேகம் நீடித்தால், பதினைந்து வயதைத் தொடுவதற்குள் ஏறக்குறைய ஆறில் ஒரு குழந்தை டைபாய்டில் படுத்து எழுந்திருக்கும். மருத்துவக் கல்வியில் நாட்டின் முன்வரிசையில் இருக்கும் ஊரில், நூற்றாண்டு கண்ட மருத்துவமனையின் நிழலிலேயே இதுதான் நிலைமை. எந்த ஊரையும் பழிக்க இதைச் சொல்லவில்லை. வேலூரில் எண்ணிப் பார்த்தார்கள், அதனால் தெரிந்தது. எண்ணிப் பார்க்காத ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ.

காய்ச்சல் எப்படி வருகிறது

டைபாய்டைத் தரும் ‘சால்மொனெல்லா டைஃபி’ பாக்டீரியாவுக்கு மனிதனைத் தவிர வேறு வீடு கிடையாது. கோழியில் இல்லை, மாட்டில் இல்லை, எலியிலும் இல்லை. ஒருவர் டைபாய்டில் படுத்தால், வேறொரு மனிதரின் மலத்திலிருந்து கிளம்பிய கிருமி ஏதோ ஒரு வழியில் அவர் வாய்க்குள் போயிருக்கிறது என்று பொருள். கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் இந்த நோயின் மொத்தக் கதையும் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

தண்ணீரிலோ சாப்பாட்டிலோ உள்ளே போகும் கிருமி குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று குடியேறுகிறது. காய்ச்சல் தலைகாட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் அன்றைக்கு எங்கே, என்ன சாப்பிட்டோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்? வீட்டில் விசாரித்தால் கடைசியாகத் தின்ற பானிபூரியின் மேலேயே பழி விழும். உண்மையான குற்றவாளி பதினைந்து நாளைக்கு முந்தைய ஒரு தம்ளர் தண்ணீராக இருக்கலாம்.

சிகிச்சை இல்லாமல் விட்டால் மூன்றாவது வாரத்தில் குடலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2019ல் உலகில் சுமார் 90 லட்சம் பேருக்கு டைபாய்டு வந்திருக்கிறது, 1,10,000 பேர் இறந்திருக்கிறார்கள். பிழைத்தவர்களில் ஒரு சிறு பகுதியினரின் பித்தப்பையில் கிருமி வருடக்கணக்கில் தங்கிவிடும். அவர்களுக்குக் காய்ச்சல் இருக்காது, சோர்வு இருக்காது, வேலைக்குப் போவார்கள், சமைப்பார்கள், பரிமாறுவார்கள். நியூயார்க்கில் வீட்டுச் சமையல் வேலை பார்த்த மேரி மாலன் 1907ல் இப்படித்தான் பிடிபட்டார். அவர் வாழ்நாளில் 26 ஆண்டுகள் தனிமைத் தீவில் கழிந்தன. நோய் எதையும் உணராத பெண்ணுக்கு அது பெருங்கொடுமை. இந்தியாவில் 2011ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள், உணவைக் கையாளும் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனையும் குடற்காய்ச்சல் வகைகளுக்கான தடுப்பூசியும் வேண்டும் என்கின்றன. பரோட்டா மாஸ்டருக்கும் டீ மாஸ்டருக்கும் அந்த ஊசியைப் போட்டுவிடும் பொறுப்பு கடை முதலாளியுடையது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு சொட்டுச் சீரமும் ஒரு நிமிட ஆட்டமும்

“ரெண்டு நாளா காய்ச்சல், டெஸ்ட் எடுத்தா டைபாய்டு இருக்குன்னு வந்துச்சு.” தமிழ்நாட்டில் இதைக் கேட்காத வீடு இருக்காது. கேட்கும்போதெல்லாம் மனசு பதைக்கிறது. காரணம், அந்த டெஸ்ட்.

தெருமுனை லேபில் எடுப்பது பெரும்பாலும் வைடல் பரிசோதனை. பிரெஞ்சு மருத்துவர் ஜார்ஜ் வைடல் 1896ல் கொடுத்தது. கண்ணாடி ஸ்லைடில் நம் ரத்தத்திலிருந்து பிரித்த ஒரு சொட்டுச் சீரம், அதன்மேல் நீல நிறத்தில் ஒரு சொட்டு மருந்து, பக்கத்து வட்டத்தில் சிவப்பில் இன்னொன்று. ஒரு நிமிடம் முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். கலவை துகள்துகளாகத் திரண்டால் பாசிட்டிவ். எவ்வளவு நீர்க்கச் செய்தும் திரள்கிறது என்பதைப் பார்த்து 1:80, 1:160 என்று எழுதிக் கொடுப்பார்கள். மலிவு, உடனே பதில். நூறு ஆண்டுகளுக்கு முன் அது பெரிய வரம்.

சிக்கல் என்னவென்றால், வைடல் கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக நம் உடம்பு செய்த எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. டைபாய்டு சுற்றிக்கொண்டே இருக்கும் ஊரில் வளர்ந்தவர்கள் பலரின் ரத்தத்தில் அந்த எதிர்ப்புப் பொருள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். முன்பு எப்போதோ வந்துபோன தொற்று, வேறு வகை சால்மொனெல்லா, சில சமயம் மலேரியா போன்ற வேறு காய்ச்சல்கூட வைடலைத் திரள வைக்கும். மறுபக்கம், உண்மையான டைபாய்டின் முதல் வாரத்தில் வைடல் ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். இரண்டு நாள் காய்ச்சலில் எடுத்த ஒற்றை வைடலை வைத்து டைபாய்டு என்று முடிவுகட்டுவது மருத்துவமே அல்ல. டெங்குவோ, உண்ணிக் காய்ச்சலோ, சாதாரண வைரஸ் காய்ச்சலோ அந்த ‘பாசிட்டிவ்’ தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பிள்ளைக்கு வேண்டாத ஆன்டிபயாட்டிக் ஏறும், வேண்டிய சிகிச்சை தள்ளிப்போகும்.

நம்பத்தக்க பரிசோதனை பிளட் கல்ச்சர். சத்துக் கரைசல் நிரப்பிய பாட்டிலில் ரத்தத்தை விட்டு, உடம்புச் சூட்டில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும். செலவு கூடுதல். ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே ரத்தம் எடுத்தாக வேண்டும். ஒரு மாத்திரை உள்ளே போய்விட்டால்கூட கிருமி சிக்கும் வாய்ப்பு குறையும். இவ்வளவு பார்த்துச் செய்தாலும் பத்து டைபாய்டு நோயாளிகளில் ஆறு பேரைத்தான் அது பிடிக்கும். ரத்தத்தில் உலவும் கிருமிகள் அவ்வளவு சொற்பம். ஆகவே வேலூரின் 1,173 என்பதுகூடக் கல்ச்சரில் அகப்பட்டவர்களின் எண்ணிக்கைதான். உண்மை அதற்கும் மேலேதான் இருக்கும்.

டைபாய்டு எங்கே, யாருக்கு, எவ்வளவு என்ற கேள்விக்கு இந்தியா இத்தனை காலம் தடுமாறியதற்கு இதுவே மூல காரணம். மருத்துவமனைப் பதிவேடுகளில் வைடல் பாசிட்டிவ்களைக் கூட்டினால் எண்ணிக்கை ஊதிப் பெருகும். கல்ச்சர் வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளை மட்டும் பார்த்தால் சுருங்கிப்போகும். டைபாய்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோய் என்றுதான் பாடப் புத்தகங்கள் சொல்லி வந்தன. 1990களின் நடுவில் டெல்லி கல்காஜி குடிசைப் பகுதியில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆயிரத்துக்கு 27 பேருக்கு ஆண்டுதோறும் வருவது தெரிந்தது. பள்ளி வயதினரைக் காட்டிலும் அது இரண்டு மடங்குக்கு மேல். வீட்டுக்குப் போய் எண்ணாதவரை அந்தச் சின்னப் பிள்ளைகள் யார் கணக்கிலும் இல்லை. செஃபி ஆய்வு அதே வழியை நாலு ஊருக்கு விரித்ததோடு, பல மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களையும் எண்ணியது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களிலும் லட்சத்துக்கு 108 முதல் 970 வரை என்று வந்திருக்கிறது. பெரியவர்களும் தப்பவில்லை.

பாலாற்று மணலும் பித்தளைக் குடமும்

சின்னல்லாபுரம், கஸ்பா, ராமநாயக்கன்பாளையம். வேலூரில் வீட்டுத் திண்ணையில் முறம் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கக்கூடிய பகுதிகள் இவை. சி.எம்.சி. ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இங்கே குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து, வயிற்றுப்போக்கையும் ரோட்டா வைரஸையும் ஆராய்ந்திருக்கிறார்கள். உலகத் தடுப்பூசி ஆராய்ச்சியே இந்தத் தெருக்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. குழந்தைகளின் கையில் ஊசி குத்த விட்டு, வாரா வாரம் கேள்விக்குப் பதில் சொன்ன அந்தத் தாய்மார்களுக்கு நாம் திருப்பிக் கொடுத்தது என்ன என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது.

தண்ணீரைப் பற்றி 2004ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. அப்போது வேலூர், ஏரியிலிருந்தும், வறண்ட பாலாற்றுப் படுகைக்கு அடியிலிருந்தும் நீரெடுத்து விட்டுவிட்டு விநியோகித்த ஊர். சுத்திகரித்ததாகச் சொல்லப்பட்ட நகராட்சித் தண்ணீரைக் குழாயில் வந்த உடனே பிடித்துச் சோதித்தார்கள். ஒரு மாதிரிகூடத் தப்பவில்லை, அத்தனையிலும் கழிவுக் கிருமி. பிறகு வீடுகளில் ஒரு நாள் முதல் ஒன்பது நாள் வரை சேமித்து வைத்திருந்த நீரைப் பார்த்தார்கள். 37 வீடுகளில் 25ல் அசுத்தம் இன்னும் கூடியிருந்தது.

ஏன் கூடுகிறது? குழாயில் அடுத்து எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாத வீடு, கிடைத்த பாத்திரத்திலெல்லாம் பிடித்து வைக்கும். பிளாஸ்டிக் குடம், டிரம், அண்டா, சிமெண்ட் தொட்டி. குடிக்கும்போது சொம்பை விட்டு முகப்பார்கள், விரல் நனையும். அந்தக் கை சற்று முன் குழந்தைக்குக் கால் கழுவிவிட்டிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவுவதற்கும் அதே குடத்துத் தண்ணீரைத்தான் செலவழிக்க வேண்டும். வீட்டுப் பெண்களைச் ‘சுகாதாரம் தெரியாதவர்கள்’ என்று சொல்லும் அதிகாரிகள் ஒரு வாரம் அந்தக் குடக் கணக்கில் குடும்பம் நடத்திப் பார்க்கட்டும்.

அந்த ஆய்வில் மனம் குளிரும் செய்தி ஒன்றும் உண்டு. பித்தளைப் பாத்திரத்தில் வைத்த நீரில் மட்டும் கிருமி குறைந்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே கிருமியைக் கலந்து வெவ்வேறு பாத்திரங்களில் வைத்துப் பார்த்தபோதும் அதே முடிவு. பித்தளையிலுள்ள செம்பு கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கசிந்து பாக்டீரியாவைக் கொல்கிறது. பாட்டி புளி போட்டுத் தேய்த்த குடத்துக்குக் கிடைத்த மரியாதை. ஆனாலும் பித்தளைக் குடத்தை மாநகராட்சியின் கடமைக்குப் பதிலாக வைத்துவிட முடியாது.

அடிப்படைக் கோளாறு குழாயில் இருக்கிறது. இருபத்து நாலு மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் குழாயில் ஓட்டை இருந்தால் நீர் வெளியே பீய்ச்சும். சாக்கடை உள்ளே வராது. நாலு நாளுக்கொரு முறை திறந்து மூடும் குழாய், தண்ணீர் நின்ற நேரத்தில் வெற்றிடமாகி, சுற்றியுள்ள ஈரத்தை ஸ்ட்ராவைப் போல உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊர்ச் சந்துகளில் வீட்டு இணைப்புக் குழாய் எங்கே போகிறது என்று குனிந்து பாருங்கள்: பெரும்பாலும் திறந்த சாக்கடைக்குள்ளேயே, கறுப்புத் தண்ணீரில் பாதி மூழ்கியபடி. மூட்டில் துணி சுற்றியிருப்பார்கள். அதற்குமேல் யாராவது மோட்டார் வைத்து இழுத்தால், தெருவின் கழிவும் சேர்ந்து வருகிறது. மேல்நிலைத் தொட்டியில் எவ்வளவு குளோரின் கலந்தாலும் கடைசி வீட்டுக்குப் போவதற்குள் அது தீர்ந்துவிடும்.

வேலூரில் டைபாய்டு உறுதியான குழந்தைகளின் வீட்டாரையும் ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். காய்ச்சல் வந்த குழந்தை கிருமியை வெளியேற்றும் காலம் குறுகியது, வீட்டில் மற்றவர்களுக்கு அதனிடமிருந்து தொற்றுவது மிகக் குறைவு என்று தெரிந்தது. பிள்ளைக்கு வந்தது பெரும்பாலும் பெற்றோர் கொடுத்ததும் அல்ல, தம்பிக்குக் கொடுக்கப்போவதும் அல்ல. வீட்டுக்கு வெளியே, ஊருக்குப் பொதுவான ஏதோவொன்றிலிருந்துதான் வருகிறது.

தேய்ந்துவரும் மருந்துகள்

1948ல் குளோராம்பெனிகால் வந்தபோது டைபாய்டின் கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். 1972ல் கோழிக்கோட்டில் அந்த மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவியது. பிறகு ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் இரண்டும் கைவிட்டன. சிப்ரோஃபிளாக்சசின் வந்து பெரும் நிம்மதி தந்தது; இன்று இந்தியாவில் கிடைக்கும் டைஃபி கிருமிகளில் பெரும்பாலானவை அதற்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. இப்போது நம் டாக்டர்கள் நம்பியிருப்பது செஃப்ட்ரையாக்சோன் ஊசியும் அசித்ரோமைசினும்.

2016ன் இறுதியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், ஹைதராபாத் நகரில், செஃப்ட்ரையாக்சோனுக்கும் அடங்காத டைபாய்டு கிளம்பியது. வாயில் போடும் மாத்திரையில் மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். அதுவும் போனால் ஒவ்வொரு பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் சேர்த்து விலையுயர்ந்த ஊசி ஏற்ற வேண்டும். சளிக்கும் தொண்டை வலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் அசித்ரோமைசினை எடுத்துக் கொடுக்கும் நம் பழக்கம் அந்த நாளைக் கிட்டக் கொண்டுவருகிறது.

ஊசியும் குழாயும்

டைபாய்டுக்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. ஆறு மாதக் குழந்தை முதலே, ஒரே டோஸாகப் போடக்கூடியது. நம் நாட்டு ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரிப்பு, இந்தியாவில் 2013ல் அனுமதி பெற்றது. நேபாளம், வங்கதேசம், மலாவி நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளில் 80 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு தந்தது. 2018ல் நவி மும்பை மாநகராட்சி தன் குழந்தைகளுக்கு இலவசமாகப் போட்டது. 2019ல் பாகிஸ்தான் தேசியத் திட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2022ல் பரிந்துரை செய்தது. ஆனாலும் நம் நாட்டில் செய்து உலகத்துக்கு அனுப்பும் ஊசியைப் பெரும்பாலான இந்தியக் குழந்தைகள் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்தால்தான் பெற முடிகிறது. பீடி சுற்றும் அம்மாவால் அது முடியுமா?

ஊசி மட்டும் போதுமா என்றால், போதாது. அதே சாக்கடை வழியாக வரும், டைபாய்டை ஒத்த பாராடைபாய்டு காய்ச்சலை இந்த ஊசி தடுக்காது. செஃபியில் 33 குழந்தைகளுக்குப் பாராடைபாய்டு இருந்தது. வயிற்றுப்போக்கு, மஞ்சள்காமாலை எல்லாமும் அதே குழாயில்தான் வரிசையில் நிற்கின்றன.

சிலி நாட்டின் சாண்டியாகோ நகரம் இதற்கு நல்ல பாடம். 1970களிலும் 80களிலும் அங்கே டைபாய்டு தலைவிரித்தாடியது. அந்நகரில் பெரும்பாலான வீடுகளில் நல்ல குடிநீரும் கழிப்பறையும் இருந்தும்! நகரின் கழிவு ஆற்றில் கலந்து, கோடையில் அந்த நீரே காய்கறித் தோட்டங்களுக்குப் பாய்ந்து, பச்சையாகத் தின்னும் கீரை வழியாகச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 1991ல் பக்கத்து நாடான பெருவில் காலரா கிளம்பியதும் பயந்துபோன சிலி அரசு, கழிவுநீர்ப் பாசனத்தை அதிரடியாக நிறுத்தியது. டைபாய்டு சரசரவென்று இறங்கியது. வழி தெரியாததால் அல்ல, மனம் வைக்காததால்தான் அத்தனை ஆண்டுகள் போயின.

வேலூருக்கு இன்று வழி தெரியும். எந்தக் கிருமி, யாருக்கு, எவ்வளவு என்பதை உலகின் தலைசிறந்த இதழில் அச்சிட்டுக் கொடுத்தாகிவிட்டது. மனிதனைத் தவிர வேறெங்கும் வாழாத கிருமி என்பதால், மனிதக் கழிவைக் குடிநீரிலிருந்தும் உணவிலிருந்தும் பிரித்துவிட்டால் ஒழித்தே விடலாம். தமிழக அரசு மத்திய அரசின் தடுப்பூசி அட்டவணைக்காகக் காத்திருக்காமல், நவி மும்பையைப் போல வேலூரில் தொடங்கி மாநகராட்சிக் குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போடலாம். மாவட்ட மருத்துவமனைகளில் பிளட் கல்ச்சரை இலவசமாக, தடையின்றிச் செய்யலாம். சாக்கடைக்குள் போகும் வீட்டு இணைப்புகளை வார்டு வார்டாக எடுத்து மாற்றலாம். இதில் எதுவும் ராக்கெட் விடும் வேலை அல்ல.

வாசகர்களிடம் கேட்பது இவ்வளவுதான். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டி, டாக்டர் டைபாய்டு என்று சந்தேகித்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் பிளட் கல்ச்சர் எடுக்கலாமா என்று கேளுங்கள். வசதி இருந்தால் பிள்ளைக்கு ஊசியைப் போட்டுவிடுங்கள். குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்து, மூடிய, குழாய் வைத்த பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள். உங்கள் தெருவின் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். போகிறது என்றால் போட்டோ எடுத்து, உங்கள் கவுன்சிலரிடம் எழுத்தில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.